என் வண்டியும் கொழுந்தனின் சட்டைப்பையும்

எனக்கு மறதி குறைவு. கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிட்டு மறுநாள் எல்லாவற்றையும் மறந்துபோகிற ஆள் நான் இல்லை. மறுநாள் காலையில் காபி ஆற்றிக் கொடுப்பேன், சிரித்துப் பேசுவேன், கோபம் மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர், "போவுது வுடு, இன்னமுமா அத நெனச்சிக்கிட்டு இருக்க?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். நினைக்கும்போதெல்லாம் நன்றாகவும் இருக்கிறது.

வண்டி என் அப்பாவுடையது. உதைத்துக் கிளப்புகிற அந்தக் காலத்துப் பெரிய வண்டி. தெருமுனையில் அது திரும்பும்போதே எங்கள் ஸ்ரீமுஷ்ணம் வீட்டில் பாத்திர அலமாரி அதிரும். நான் ஒரே பிள்ளை. அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில் வண்டியைச் சத்தமில்லாமல் களத்து மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், யாரும் சொல்லித் தராமல் நானே ஓட்டப் பழகினேன். ஒருமுறை வைக்கோல் போரில் கொண்டுபோய் மோதினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெட்லைட் கண்ணாடி போனது. அப்பா கடைசிவரை அதைப் பக்கத்து வீட்டு மாடு முட்டியது என்று நம்பினார்.

அவர் போன பிறகு வண்டி என்னோடு விருத்தாசலத்துக்கு, நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்தது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கல்யாணத்தோடு வந்து அந்த வீட்டுச் சாமான்களோடு கலந்துவிட்டன. எது என்னுடையது என்று எனக்கே அடையாளம் தெரியாது. வண்டி ஒன்றைத்தான் நானாக வாய் திறந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் அப்போது சவுதியில் இருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு, செல்போன் வீட்டுக்கு ஒன்று என்று வர ஆரம்பித்திருந்த காலம். வீட்டில் மாமியார், நான், கொழுந்தனார், அவர் மனைவி. கொழுந்தனார் வண்டியைப் பார்த்த அன்றே அதை வளைத்து வளைத்துச் சுற்றி வந்தார். "அண்ணன் ஊர்ல இல்ல. வண்டி சும்மா நின்னா துரு ஏறிடும் அண்ணி. நான் எடுத்து ஓட்டுறேன்" என்றார். துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிற கருணையில் சேத்தியாத்தோப்பு, பெண்ணாடம், கல்யாண வீடு, கட்சிக் கூட்டம் என்று அவர் போகாத இடமில்லை. ஊரில் அதை அவர் வண்டி என்றுதான் சொன்னார்கள். ஒருத்தர் என்னிடமே, "ஒங்க கொழுந்தன் வண்டி ஜோரா இருக்குதும்மா" என்றார். அன்றிலிருந்துதான் எனக்கு எரிய ஆரம்பித்தது.

நான் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை செய்தேன். வீடுகளில் மெயின் பெட்டிக்குள் இருக்குமே வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை, அதைச் செய்கிற கம்பெனி. சூளையிலிருந்து வருகிற கட்டைக்குப் பித்தளைத் தகடு வைத்து ஸ்குரூ முடுக்கி, பல்பு மாட்டிய பலகையில் வைத்துப் பார்ப்பது என் வேலை. பல்பு எரிந்தால் கரண்ட் போகிறது, எரியாவிட்டால் எங்கோ தொடுப்பு இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை எரிகிறதா, எரியவில்லையா என்பதுதான் என் பிழைப்பு. வீட்டிலிருந்து பேட்டைக்கு நல்ல தூரம். ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய் வருவேன். என்னைத் தாண்டிக்கொண்டு என் அப்பாவின் வண்டி, கொழுந்தனார் தொடைக்கு நடுவில் தடதடவென்று போகும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமியார் முன்னால் கேட்டுவிட்டேன்.

"தம்பி, நாளையிலேர்ந்து வண்டிய நான் எடுத்துக்கறேன். வேலைக்குப் போவணும்."

அவர் கவளத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நீங்களா அண்ணி? அந்த வண்டியையா?"

"எங்கப்பா வண்டிதான."

"ஒங்க வண்டிதான் அண்ணி. யாரு இல்லன்னா? காலையில வாசல்ல நிக்கும், எடுத்துக்குங்க."

காலையில் வாசலில் நின்றது. சாவி போட்டு உதைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தேன். கம்பெனிக்கு நேரமாகி, புடவைக் கரையெல்லாம் ஆயிலாகி, எதிர் வீட்டில் இரண்டு பேர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வண்டி இருமக்கூட இல்லை. கொழுந்தனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அய்யய்யோ, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சே அண்ணி" என்றார். அந்த முகத்தில் இருந்த வருத்தத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அவரே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவருக்கு ரொம்ப வேண்டிய மெக்கானிக். அந்த ஆள் டேங்கைத் தட்டிப் பார்த்தார், சீட்டைத் தட்டிப் பார்த்தார், மாடு வாங்க வந்தவர் மாதிரி சுற்றி வந்தார். "காயில் அவுட்டு. ஒயரிங் பூரா அவுட்டு. இதுக்கு சாமானே கெடைக்காதுங்க. வந்த வெலைக்குத் தள்ளிடுங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். வண்டியில் ஒரு ஸ்குரூவைக்கூட அவர் கழற்றவில்லை.

அந்த வாரமே வாங்குவதற்கு ஆளும் வந்துவிட்டது. கொழுந்தனாரின் மச்சான், பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். ஓடாத வண்டியை அவர் ஏன் வாங்குகிறார் என்று மாமியாரே கேட்டார். "சும்மா ஷோவுக்கு வெச்சிக்கறாராம்மா" என்றார் கொழுந்தனார்.

நான் கொடுக்க மாட்டேன் என்றேன். விஷயம் சவுதிக்குப் போனது. வீட்டுக்காரர் போனில் முதலில் குதித்தார். "பொம்பள அந்த வண்டிய ஒதைச்சி ஓட்டுறதா? ஊரு சிரிக்காது?" என்றார். நான் விடவில்லை. உடனே குரலைத் தாழ்த்தி, "சரி, ஒரு பேச்சுக்கு வருவோம். வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டி ஓடுச்சின்னா நீயே வெச்சிக்க, நீயே ஓட்டு. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஓடலன்னா தம்பி சொல்றபடி குடுத்துடணும்" என்றார். மாமியாரிடமும் அதையே சொன்னார். கொழுந்தனாரும் தலையாட்டினார்.

அவர் அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்ல மனுஷன், நியாயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டுச் சாமி படத்துக்குக் கும்பிடுகூடப் போட்டேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து வந்ததும் வண்டி பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கொழுந்தனார் இருட்டினால்தான் வீட்டுக்கு வருவார். அவர் மனைவி பிரசவத்துக்குப் பெண்ணாடம் போயிருந்தாள். அதனால் பொழுது சாயும்வரை வண்டியும் நானும்தான்.

முதலில் எங்கள் ஊர்ப் புத்திதான் எனக்கும் வேலை செய்தது. பேட்டைப் பக்கம் ஓடுகிற எந்த வண்டிக்கு எது வந்தாலும் மண் தூசு மேல்தான் பழி போடுவோம். அரைத்த களிமண் மாவு காற்றிலேயே இருக்கும், செருப்பு, டிபன் பாக்ஸ், கண் இமை எல்லாவற்றிலும் படியும். பொறியைத் தட்டிவிடுகிற பாயின்டில் தூசு அடைத்திருக்கும் என்று முடிவு கட்டி, என்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றி, பாயின்டை மணிக்கணக்கில் துடைத்தேன். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். பிளக்கை என்ஜின் மேல் படுக்கவைத்து, கையால் கிக்கரை அமுக்கிப் பார்த்தேன். பொறி வரவில்லை. இரண்டு சாயங்காலம் இப்படியே போனது. கொழுந்தனார் வந்து, "கையெல்லாம் கரியாயிடுச்சே அண்ணி, எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று சோப்பு எடுத்துக் கொடுத்தார். அந்தச் சோப்பை வாங்கிக் கை கழுவினேன்.

அன்றைக்குச் சாதம் வடிக்கும்போது ஒன்று தோன்றியது. இந்த வண்டியில் ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு சின்ன மீட்டர் உண்டு. கரண்ட் எவ்வளவு போகிறது, வருகிறது என்று காட்டுகிற முள். அப்பா உதைப்பதற்கு முன்னால் கிக்கரை மெதுவாக அமுக்கி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். முள் ஒரு பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்ததும் ஒரே உதை. நான் உதைத்தபோதெல்லாம் அந்த முள் அசைந்ததா? அசையவே இல்லை. ஆனால் ஹாரன் அடித்தது. லைட்டும் எரிந்தது.

அப்படியென்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. சாவி வரைக்கும் கரண்ட் வருகிறது. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலுக்கு மட்டும் போகவில்லை. போயிருந்தால் முள் அசைந்திருக்க வேண்டும். காயில் கெட்டதா, நடுவில் ஒயர் விட்டதா, அவ்வளவுதான் கேள்வி. இது நான் தினமும் கம்பெனியில் பார்க்கிற வேலைதானே என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதம் குழைந்துபோனது. மாமியார் அதையும் சாப்பிட்டார்.

அடுத்த நாள் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் வைத்து முறுக்கிக்கொண்டேன். ஒரு ஒயரை வண்டிச் சட்டத்தில் சுத்தமான இடமாகப் பார்த்துக் கட்டிவிட்டு, இன்னொன்றால் ஒவ்வொரு இடமாகத் தொட்டேன். பேட்டரியில் எரிந்தது. சாவிக்கு வருகிற ஒயரில் எரிந்தது. சாவியைப் போட்டதும், சாவியை விட்டு வெளியே போகிற ஒயரிலும் எரிந்தது. காயிலின் வாயில் தொட்டேன். எரியவில்லை.

காயில் மேல் தப்பில்லை. அதற்குச் சோறே போய்ச் சேரவில்லை.

சாவிக்கும் காயிலுக்கும் நடுவில் ஒரு முழ ஒயர்தான் இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் டேங்குக்குக் கீழே அது ஒரு பச்சை ஒயரோடு சேர்ந்தது. வண்டியின் மற்ற ஒயர்களெல்லாம் பழையவை, மேலே துணி சுற்றியவை. பச்சை ஒயர் புதுசு, வீட்டுக்குப் போடுகிற ஒயர். அது சீட்டுக்கு அடியில் போய், இடது பக்கத்து டூல் பெட்டிக்குள் நுழைந்தது. அங்கிருந்து இன்னொரு பச்சை ஒயர் புறப்பட்டுத் திரும்பிக் காயிலுக்கு வந்தது. பெட்டியைத் திறந்தேன். பழைய துணி, ஸ்பேனர், அதற்கெல்லாம் கீழே வெள்ளையாக ஒரு பியூஸ் கட்டை.

எங்கள் ஊரில் இதைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சூளையில் கோணலாகப் போன கட்டைகள் எல்லா வீட்டிலும் கிடக்கும். கதவுக்கு அணை கொடுப்போம், மதில் மேல் பதிப்போம், மோட்டார், மாவு மெஷின், டிராக்டர் என்று எதிலும் மாட்டுவோம். வண்டியில் பியூஸ் போனால் ஒரு கட்டையை மாட்டிவிடுவது இங்கே சாதாரணம். மெக்கானிக் நிஜமாகவே பெட்டியைத் திறந்திருந்தாலும் கட்டை ஒழுங்காகப் பொருந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு மூடியிருப்பார்.

நான் பல்பு ஒயரால் கட்டையின் ஒரு முனையைத் தொட்டேன். எரிந்தது. மறு முனையைத் தொட்டேன். எரியவில்லை. கட்டையைப் பிடித்து இழுத்துத் திருப்பினேன். வயிற்றில் இருக்க வேண்டிய பியூஸ் கம்பி இல்லை.

பியூஸ் தானாகப் போயிருந்தால் எனக்குத் தெரியும். பீங்கானில் கரிக்கோடு விழும், தகட்டு ஓரத்தில் உருகின கம்பி மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் ஒன்றுமில்லை. கழுவி வைத்த கிண்ணம் மாதிரி பளிச்சென்று இருந்தது. கம்பி வைக்காமலேயே இரண்டு ஸ்குரூவையும் கடைசிவரை முடுக்கியிருந்தார்கள். கம்பி வைக்க மறந்தவன் ஸ்குரூவை முடுக்க மாட்டான். வேண்டுமென்றே செய்தவன்தான் பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று முடுக்குவான். மூலையில் கிளேஸ், அந்த வெள்ளை மேல்பூச்சு, கொப்புளித்திருந்தது. நானே மோட்டார் பலகைக்காக எங்கள் கம்பெனியின் கழிவிலிருந்து கொண்டு வந்த கட்டை அது. என் கையால் தகடு வைத்த கட்டையைக் கொண்டே என் வண்டியின் கழுத்தை நெரித்திருக்கிறான்.

இந்த இடத்திலிருந்து கொழுந்தனை 'அவர்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவன் சட்டைப்பை எப்போதும் ஒரு பக்கம் தொங்கும். பீடிக்கட்டும் தீப்பெட்டியும் என்று நினைத்திருந்தேன். அன்று அவன் குளிக்கப் போனபோது ஆணியில் தொங்கிய சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கம்பி வைத்த கட்டை அதற்குள் இருந்தது. வண்டியை எங்கே நிறுத்தினாலும் அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் கட்டையை மாட்டிவிட்டுப் போவது அவன் பழக்கமாக இருந்திருக்கிறது. திருடனுக்கு வைத்த பூட்டை எனக்குப் போட்டுவிட்டான். பெண்ணாடத்து மச்சானும் சும்மா முன்னால் நிறுத்திய ஆள். வண்டி அங்கே போய்ச் சேர்ந்ததும் கட்டை மாறும், வண்டி ஓடும், மறுபடி இவன் தொடைக்கு நடுவில் என்னைத் தாண்டிக்கொண்டு போகும்.

கையோடு மாமியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். என்ன நடக்கும்? "கம்பி விழுந்திருக்கும் அண்ணி, நான் பாக்கல" என்பான். சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். வண்டி எனக்குக் கிடைத்துவிடும், ஆனால் அவன் தப்பித்துவிடுவான். எனக்கு வண்டி மட்டும் போதாது. அவனும் வேண்டும்.

ஒரு துண்டுக் கம்பியைக் கட்டையில் வைத்து மாட்டினேன். சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கினேன். முள் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். நடுவுக்கு வந்தது. பிளக்கைக் கழற்றி வைத்துப் பார்த்தேன், நீலமாகப் பொறி விழுந்தது. ஸ்டார்ட் மட்டும் செய்யவில்லை. சத்தம் கேட்டால் காரியம் கெட்டுவிடும். ஸ்டார்ட் செய்யாமல் எழுந்து நின்றதுதான் அந்த வாரத்திலேயே கஷ்டமான வேலை.

பிறகு சாவியிலிருந்து காயிலுக்கு நேராக ஒரு ஒயர் இழுத்தேன். நடுவில் படுக்கையறையில் தொங்கிக்கொண்டிருந்த பெட் லேம்ப் சுவிட்சைக் கழற்றி, டேங்குக்கு அடியில், கையை மடக்கி நுழைத்தால் மட்டும் எட்டுகிற இடத்தில் கட்டி, அணைத்து வைத்தேன். அவனுடைய பச்சை ஒயர்களை உள்ளே வெட்டி, வெளியே பார்ப்பதற்குத் தெரியாமல் அப்படியே செருகிவிட்டேன். கட்டையிலிருந்து என் கம்பியை எடுத்துவிட்டு, ஸ்குரூவை அவன் முடுக்கிய மாதிரியே முடுக்கி, துணியையும் ஸ்பேனரையும் பழையபடி மேலே வைத்தேன். இனி அவன் எந்தக் கட்டையை மாட்டினாலும் அது வெறும் பீங்கான்தான்.

சனிக்கிழமை அவன் கேட்டான். "என்ன அண்ணி, ஏதாவது தெரிஞ்சிதா?"

"எங்க தம்பி. எனக்கு என்னா தெரியும்" என்றேன். அவனுக்குக் கூடுதலாக ஒரு அப்பளம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்ணாடத்து மச்சான் வந்தார். வாசலில் மாமியார், எதிர் வீட்டுக்காரர்கள் என்று நாலைந்து பேர் நின்றார்கள். நான் வெங்காயம் உரித்த கையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றேன். பொய்யாக அழ எனக்கு வராது.

"தம்பி, கடைசியா ஒரு தடவ நீங்களே ஒதைச்சிப் பாருங்களேன். எம் மனசு ஆறும்."

அவன் சந்தோஷமாக உதைத்தான். சட்டை நனைகிற வரைக்கும் உதைத்தான். "பாத்தீங்களா அண்ணி. பாத்தீங்களாம்மா. செத்துப்போச்சு. இதுக்கு மேல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னான். நான் தலையாட்டிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவனும் மச்சானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டார்கள். தெருமுனையில் ஒரு பழைய சூளையின் உடைசல் மலை மாதிரி குவிந்திருக்கும். அதைச் சுற்றித் திரும்பி மறைந்தார்கள்.

கொஞ்ச நேரம் விட்டேன். கட்டை மாற்றுவதற்கு ஆகிற நேரம். பிறகு மாமியாரிடம் போனேன்.

"அத்த, எங்கப்பா வண்டி. ஒரு சூடம்கூடக் கொளுத்தாம வெறுமன அனுப்பிட்டோமே."

மாமியாருக்கு இந்த மாதிரி விஷயத்தில் குறை வைக்க முடியாது. தட்டில் சூடமும் எலுமிச்சம்பழமும் வைத்துக்கொண்டு, "வா வா, போயிடப் போறாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தார். வேடிக்கை பார்த்தவர்களும் பின்னால் வந்தார்கள்.

குவியலைத் தாண்டியதும் பார்த்தோம். வண்டியின் டூல் பெட்டி திறந்து கிடந்தது. கொழுந்தன் மண்ணில் மண்டிபோட்டிருந்தான். ஒரு கையில் ஒரு கட்டை, இன்னொரு கையில் இன்னொரு கட்டை. இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருந்தான். மச்சான் கிக்கர் மேல் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"பாக்கெட்டுல இருக்கற கட்டையப் போட்டா ஒரே ஒதையில ஓடும்னு சொன்ன இல்ல மச்சான்? எங்க ஓடுது? என்னையே ஏமாத்தறியா?"

மாமியார் நின்றுவிட்டார். சூடம் ஏற்றாத தட்டு கையில் அப்படியே இருந்தது.

"என்னா கட்டடா அது?"

அவன் இரண்டு கட்டையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மச்சானுக்குத்தான் கோபம் அடங்கவில்லை. தன்னை ஏமாற்றிவிட்டான் என்ற கோபத்தில் எல்லாவற்றையும் அவரே சொன்னார். "நீங்களே கேளுங்க அத்த. அண்ணி கையில வண்டி போவக் கூடாதுன்னு கம்பிய எடுத்துட்டு வெறும் கட்டைய வெச்சிருக்கேன், ஒம் பேருல வாங்கிக்க, அப்புறம் நான் ஓட்டிக்கறேன்னு இவருதான் சொன்னாரு. இப்ப பாத்தா நெஜமாவே ஓடாத வண்டிய என் தலையில கட்டறாரு."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. மாமியார் கையை நீட்டினார். அவன் இரண்டு கட்டையையும் கொடுத்தான். மாமியார் அவற்றைத் திருப்பிப் பார்த்தார், கம்பி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான அத்த. இன்னும் பொழுது போவல. நான் ஒரு தடவ ஒதைச்சிப் பாக்கறேன்" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும் போதும் என்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டேன்.

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன். டேங்குக்கு அடியில் கையை விட்டுச் சுவிட்சைத் தட்டினேன். கிக்கரை மெதுவாக அமுக்கினேன், முள் சாய்ந்து நடுவுக்கு வந்தது, உதைத்தேன். முதல் உதையில் இருமியது. அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது. குவியலிலிருந்து ஓட்டுத் துண்டுகள் சரிந்து விழுந்தன. மாமியார் சூடத்தைக் கொளுத்திச் சுற்றினார். எலுமிச்சம்பழத்தை அவரே குனிந்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அதை நசுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பாலக்கரை வரைக்கும் போய் மணிமுத்தாற்றுப் பாலத்தில் திரும்பி, வேண்டுமென்றே அவன் நண்பன் மெக்கானிக்கின் கடை வாசலில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோடு நான் அவனை விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ரேஷன் கடையில் சொன்னேன், குழாயடியில் சொன்னேன், கம்பெனியில் சொன்னேன். தெருவில் அவனுக்குப் 'பியூஸ் கட்டை' என்று பெயர் விழுந்தது. வைத்ததே நான்தான். கொஞ்ச நாளில் அவன் மனைவியின் ஊருக்கே குடி போனான். மாமியார் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை.

வீட்டுக்காரரிடம் அன்று இரவே போனில் எல்லாம் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன், எங்கே சுவிட்ச் வைத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. "அவன் இப்பிடிப் பண்ணுவான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? என்னா கட்ட, எங்க வெச்சான், எனக்கு ஒரு எழவும் தெரியாது. சரி, பேச்சு பேச்சுதான், வண்டிய நீயே வெச்சிக்க" என்றார். நான் அதை நம்பினேன். அவ்வளவு சந்தேகக்காரி, அவரை மட்டும் நம்பினேன்.

மறு வருஷம் லீவில் வந்தார். வந்த இரண்டாம் நாள் காலையில், ஜங்ஷன் வரைக்கும் போக வேண்டும் என்று சாவி கேட்டார். ராத்திரி வண்டியை நிறுத்தினால் சுவிட்சை அணைத்துவிடுவது என் வழக்கம். அதை நினைக்காமலேயே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றேன். அவர் உதைத்தார். கிளம்பவில்லை. இன்னும் உதைத்தார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் இறங்கி, நேராக இடது பக்கத்து டூல் பெட்டியைத் திறந்தார். துணியை எடுத்தார், ஸ்பேனரை எடுத்தார், கட்டையைப் பிடுங்கி வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். மாமியார் திருப்பிக் கொடுத்த கட்டைகளில் கம்பி வைத்ததை நான் அதில் மாட்டி வைத்திருந்தேன்.

"கம்பி இருக்குதே" என்றார், தனக்குத்தானே.

"இல்லாம இருக்கும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? அது அங்க இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"தம்பிதான்... அப்புறமா சொன்னான்."

"அப்புறமாவா, முன்னாடியா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. போனில்தான் வரும். கட்டையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நீ வண்டி கேட்ட அன்னிக்கே அவன் போன் பண்ணான். நான்தான் கம்பிய எடுத்து வெய்யின்னு சொன்னேன். நீ ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாலு பேரு என்னைத்தான பேசுவாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும்தான, அப்புறம் நீயே வுட்டுடுவன்னு நெனச்சேன்."

ஒரு வருஷமாக நான் ஊரெல்லாம் பெயர் வைத்துத் துரத்தியது கையாளைத்தான். முதலாளி இங்கே என் எதிரில் கட்டையோடு நிற்கிறார். ஓடினால் நீயே வைத்துக்கொள் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னபோது, ஓடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக நான் கும்பிட்ட கும்பிடு ஞாபகம் வந்தது. கொழுந்தன் மேல் இருந்த கோபம் முழுக்க, ஒரு சொட்டுக் குறையாமல், இவர் மேல் வந்து உட்கார்ந்தது.

நான் கத்தவில்லை. சாவிக்குக் கையை நீட்டினேன், கொடுத்தார். ஏறி உட்கார்ந்து, அவர் பார்க்காதபடி டேங்குக்கு அடியில் கையை விட்டு, உதைத்தேன். ஒரே உதை.

"ஜங்ஷனுக்குத்தான, பின்னாடி ஒக்காருங்க" என்றேன்.

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "வேணாம். நான் நடந்தே போயிட்டு வரேன்."

"சரி."

அவர் நடந்தார். நான் முதல் கியரில், அவர் நடைக்குச் சமமாக, பக்கத்திலேயே ஓட்டினேன். அவர் வேகமாக நடந்தால் கொஞ்சம் வேகமாக, நின்றால் நானும் நின்று. அந்த வண்டி மெதுவாகப் போனால்தான் சத்தம் அதிகம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். சவுதியிலிருந்து வந்தவரிடம் நலம் விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் பதில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "வூட்டுக்குப் போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அது எனக்குக் கேட்டது. நான் போகவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ், லாரி, சைக்கிள் என்று பாதி ஊர் அங்கே நின்றது. நாங்களும் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் என்ஜினை அணைக்கவில்லை.